சீனியரை அனுப்பினால் காசு மிச்சமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் கூட்டமாக வந்து பக்கத்தை அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல் பக்கம் இழுத்துவிட்டார்கள். கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழில். டாலர் தொகைகளைக் கோடியிலும் லட்சத்திலும் தருகிறேன். பத்து மில்லியன் என்றால் ஒரு கோடி, அவ்வளவுதான்.

பெல்வியூ வாசகர்: சியாட்டில் சீஹாக்ஸ் 2022 மார்ச்சில் பாபி வாக்னரை விடுவித்தது. பத்து சீசன் ஆடியவர், கேப்டன், அதற்கு முந்தைய சீசனில்கூட 170 டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை மடக்குவது). சேலரி கேப்பில் 1.66 கோடி டாலர் மிச்சம் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இன்றும் இதில் எனக்கும் மகனுக்கும் வாக்குவாதம். அனுப்பியது சரியா சார்?

அனுப்பியதில் தப்பில்லை. அனுப்பிய விதம் மகா தப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் வீட்டு வாக்குவாதம் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. அந்த ஆண்டு ஒவ்வொரு அணிக்கும் லீக் வகுத்த சம்பள உச்சவரம்பு, அதாவது சேலரி கேப், 20.82 கோடி டாலர். அதில் வாக்னர் ஒருவர் பெயரில் மட்டும் 2.035 கோடி நின்றது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அதுவும் பாஸ் வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு இல்லை, ஜூனில் 32 வயதைத் தொடப்போகும், தற்காப்பில் நிற்கும் நடு லைன்பேக்கருக்கு. விடுவித்தால் கணக்கில் தங்கும் பழைய பாக்கி வெறும் 37.5 லட்சம். இவ்வளவு சுத்தமாகக் கழற்றிவிடக்கூடிய பெரிய ஒப்பந்தம் எந்த அணிக்கும் அடிக்கடி வாய்க்காது. அதோடு, குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை டென்வருக்கு டிரேடு செய்யும் செய்தியும் அதே நாளில்தான் வந்தது. 2021ல் 7 வெற்றி, 10 தோல்வி. வீட்டையே இடித்துக் கட்டுகிறோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இடிக்கிற வீட்டில் விலை உயர்ந்த கதவை மட்டும் விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் மிச்சம் என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். 1.66 கோடி மிச்சமா இல்லையா என்பது அவருக்குப் பதில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சியாட்டிலிடம் ஜார்டின் புரூக்ஸ் இருந்தார். 2020 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) முதல் சுற்றில் எடுத்த பையன், 2021ல் 184 டேக்கிள், அதாவது வாக்னரையே தாண்டியவர், இன்னும் முதல் ஒப்பந்தத்தின் மலிவான சம்பளத்தில். அதனால்தான் நிர்வாகத்துக்குத் துணிச்சல் வந்தது. அப்படி ஒருவர் கையில் இல்லாமல் சீனியரை அனுப்பும் அணி, அந்தப் பணத்தை இன்னொருவருக்குக் கொடுத்து அதைவிட மட்டமான ஆட்டத்தை வாங்கும். இது வருடா வருடம் நடக்கிறது.

இவ்வளவும் இருந்தும் 2022ல் என்ன ஆயிற்று? சீஹாக்ஸ் 9 வெற்றி, 8 தோல்வி (9-8) என்று பிளேஆஃப் வரை போனார்கள், ஆனால் எதிரணியின் ஓட்டத்தைத் தடுப்பதில் லீகின் அடிமட்டத்தில் கிடந்தார்கள். வாக்னர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் 140 டேக்கிள், 6 சாக் (பாஸ் வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). டிசம்பர் 4 ஆட்டத்தை உங்கள் மகன் நினைவில் வைத்திருப்பார்: பழைய அணிக்கு எதிராக 2 சாக், ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பாஸைப் பறிப்பது). ஆட்டத்தை ஜெயித்தது சியாட்டில், 27-23. ஆனால் அன்று பேசப்பட்டவர் வாக்னர்தான். ஐந்து வருடம், 5 கோடி என்று ஒப்பந்தம் போட்ட ராம்ஸ் ஒரே சீசனில் அவரைப் பிரிந்தது (இந்த லீகில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைத் தலைப்புச் செய்தியில் பார்த்தால் பாதியை மறந்துவிடுங்கள், உறுதி செய்யப்பட்ட தொகை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்). 2023ல் சியாட்டிலே ஒரு வருட ஒப்பந்தத்தில், பழைய தொகையின் ஒரு பகுதிக்கு, அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த சீசனில் லீகிலேயே அதிக டேக்கிள் அவர்தான், 183.

ஆக 2.035 கோடிக்கு அவர் வேண்டாம், 2023ல் கொடுத்த விலைக்கு வேண்டும். இதில் முரண் ஏதும் இல்லை, எந்தக் கடையிலும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

விதம் என்றேனே, அதற்கு வருகிறேன். வாக்னருக்கு ஏஜென்ட் கிடையாது, தன் ஒப்பந்தத்தைத் தானே பேசி முடிப்பவர். ஏஜென்ட் இருந்தால் அவருக்கு ஒரு போன் போயிருக்கும், அவர் வழியாகச் செய்தி வந்திருக்கும். இவருக்கோ ஊரெல்லாம் பேசிய பிறகு வெளியிலிருந்து செய்தி வந்து சேர்ந்தது. பத்து வருடம் ஆடிய இடத்திலிருந்து அவர்கள் வாயாலேயே கேட்கக் கிடைக்கவில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். பிறகு பொது மேலாளர் ஜான் ஷ்னைடர் வருத்தம் தெரிவித்தார். ஒரு போன் காலுக்கு சேலரி கேப்பில் இடம் தேவையில்லை.

பிளேனோ வாசகர்: விடுவித்துவிட்டார்கள் என்கிறார்கள், அப்புறம் டெட் மணி என்கிறார்கள். ஆளே இல்லாதபோது எதற்கு அவர் பெயரில் கணக்கு?

ஒரு கற்பனை ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன். நான்கு வருடம், கையெழுத்துப் போடும்போதே 2 கோடி போனஸ். பணம் முதல் நாளே வீரரின் வங்கிக்குப் போய்விடும். ஆனால் கேப் கணக்கில் அதை வருடத்துக்கு 50 லட்சமாகப் பிரித்து எழுத லீக் அனுமதிக்கிறது (அதிகபட்சம் ஐந்து வருடம் வரை பிரிக்கலாம்). மூன்றாம் வருடச் சம்பளம் 1.2 கோடி என்றால், அந்த வருடம் கேப்பில் அவர் எண் 1.7 கோடி.

இரண்டு வருடம் முடிந்து அவரை அனுப்புகிறீர்கள். 1.2 கோடி சம்பளம் மிச்சம். ஆனால் இன்னும் எழுதாமல் வைத்திருந்த போனஸ் 1 கோடி மொத்தமாக இந்த வருடத்தில் வந்து விழும், அதுதான் டெட் மணி. ஆக 1.7 கோடி நின்ற இடத்தில் இப்போது 1 கோடி நிற்கிறது. நிஜ மிச்சம் 70 லட்சம். அதிலும் ஒரு சின்னப் பிடித்தம் உண்டு: சீசன் இல்லாத மாதங்களில் அணியின் முதல் 51 பெரிய தொகைகளை மட்டும்தான் கூட்டுவார்கள், ஒருவர் போனால் 52ஆவது ஆள் உள்ளே வருவார், அவருடைய குறைந்தபட்சச் சம்பளம் கழியும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்த 1 கோடி எப்போதோ கொடுத்து முடித்த பணம். அவரை வைத்துக்கொண்டாலும் அது கணக்கில் ஏறத்தான் போகிறது, இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் பாதி. "இவ்வளவு டெட் மணி வருகிறதே, அதனால் வைத்துக்கொள்வோம்" என்று வாதாடும் ரசிகர்களைப் பார்க்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி இனிமேல் கொடுக்கப்போகும் 1.2 கோடிக்கு இந்த வருடம் அவர் ஆடுவாரா என்பது. போனது போனதுதான்.

இன்னொரு வாசகர்: ஐபிஎல்லில் இந்தத் தலைவலி இல்லையே?

இல்லை. அங்கே வீரரை விடுவித்தால் அவருடைய தொகை அப்படியே அணியின் பர்ஸுக்குத் திரும்பி வரும், அதோடு கதை முடிந்தது. ஒரு மோசமான ஏலத்தின் தழும்பு அடுத்த ஏலத்தோடு ஆறிவிடும். என்எஃப்எல்லில் அது இரண்டு மூன்று வருடம் கூடவே வரும்.

டென்வர் வாசகர்: தழும்பு என்றால் எங்களைக் கேளுங்கள். ரஸ்ஸல் வில்சனை அனுப்பியதற்கு எங்கள் பிராங்கோஸ் கொடுத்த விலை உலக சாதனை. அது முட்டாள்தனமா, புத்திசாலித்தனமா?

வாங்கியது முட்டாள்தனம், அனுப்பியது புத்திசாலித்தனம். அனுப்பியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆளை மாற்றிச் சிரித்துவிட்டார்கள்.

2022ல் சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் மூன்று வீரர்களையும் கொடுத்து அவரை வாங்கினார்கள். அவர் டென்வருக்காக ஒரு ஆட்டம் ஆடும் முன்பே ஐந்து வருட நீட்டிப்பு, சுமார் 24.5 கோடி. முதல் வருடம் 5-12. இரண்டாம் வருடம் ஷான் பேட்டன் பயிற்சியாளராக வந்தார், 8-9. வில்சன் அந்த வருடம் படுமோசமாக ஆடினார் என்று சொல்ல முடியாது, அவர் பாஸில் 26 டச்டவுன், எதிரணி பறித்தது 8 மட்டும். ஆனாலும் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஏன்? காயம் பட்டால் அடுத்தடுத்த வருடத்துச் சம்பளமும் உறுதியாகிவிடும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தது. அதைத் தள்ளிப்போடச் சம்மதிக்காவிட்டால் பெஞ்ச்தான் என்று சீசன் நடுவிலேயே தன்னிடம் சொன்னார்கள் என வில்சனே செய்தியாளர்களிடம் போட்டு உடைத்தார். 2024 மார்ச் 17ஐத் தாண்டி அவர் அணியில் இருந்திருந்தால் 2025க்கான 3.7 கோடியும் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள்.

விலை 8.5 கோடி டெட் மணி. 2024ல் 5.3, 2025ல் 3.2 என்று பிரித்து ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பிருந்த சாதனை, 2022ல் மாட் ரையனை டிரேடு செய்தபோது அட்லாண்டா சுமந்த 4 கோடிச் சொச்சம். இருமடங்கு! இதில் இன்னொரு வேடிக்கை: 2024ல் வில்சனுக்கு டென்வர் தர வேண்டியது 3.9 கோடி, வேறு அணி கொடுப்பதை அதில் கழித்துக்கொள்ளலாம். சம்பளம் எப்படியும் வரும் என்பதால் அவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மீதியை எல்லாம் கட்டியது உங்கள் ஊர். மாப்பிள்ளை ஸ்டீலர்ஸ், மொய் டென்வர்.

இருந்தாலும் பாருங்கள், அதே 2024ல் 12ஆவது தேர்வாக எடுத்த போ நிக்ஸை வைத்து 10-7, ஒன்பது வருடத்தில் முதல் பிளேஆஃப். 5.3 கோடிப் பாறையை முதுகில் கட்டிக்கொண்டு ஆடிய அணி அது. புது குவார்ட்டர்பேக் மலிவான சம்பளத்தில் இருந்ததால்தான் தாங்க முடிந்தது. மலிவான மாற்று ஆள் இருக்கிறாரா என்ற அதே கேள்விதான் டென்வரிலும்.

ஓஹாயோ வாசகர்: ஜூன் 1க்குப் பிறகு என்று ஏதோ சொல்கிறார்களே?

மேலே சொன்ன கற்பனை வீரரையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால் இந்த வருடப் பங்கு 50 லட்சம் மட்டும் இந்த வருடம், மீதி 50 அடுத்த வருடம். அப்போது இந்த வருட மிச்சம் 70 லட்சம் இல்லை, 1.2 கோடி. மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு ஜூன் கணக்காக எழுதச் சொல்லும் சலுகையும் உண்டு, வருடத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும். டல்லாஸ் கவ்பாய்ஸ் 2023ல் எசெக்கியேல் எலியட்டை அப்படித்தான் அனுப்பியது, சுமார் 1.09 கோடி மிச்சம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மிச்சம் ஜூனில்தான் கைக்கு வரும். மார்ச்சில் சந்தை சூடாக இருக்கும்போது அதை வைத்து யாரையும் வாங்க முடியாது. டிராஃப்டில் எடுத்த பையன்களின் ஒப்பந்தத்துக்கும் சீசன் நடுவில் காயம் பட்டவருக்கு மாற்று பிடிக்கவும் அது ஆகும். செலவழிக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம்.

டல்லாஸ் வாசகர்: எலியட் போனது சரி. டிமார்கஸ் வேர் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை ஐயா. விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஒன்பது சீசன், 117 சாக், அணியின் வரலாற்றிலேயே அதிகம். ஆனால் 2013ல் முதன்முறையாகக் காயத்தால் ஆட்டங்களைத் தவறவிட்டார், 13 ஆட்டத்தில் 6 சாக். 2014ல் அவருடைய கேப் எண் 1.6 கோடியைத் தாண்டி நின்றது, விடுவித்தால் 74 லட்சம் மிச்சம். மார்ச் 11ல் விடுவித்தார்கள். மறுநாளே டென்வர் மூன்று வருடம், 3 கோடி, அதில் 2 கோடி உறுதி என்று அள்ளிக்கொண்டது. அங்கே போய் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் 50ல் 2 சாக், கையில் சாம்பியன் மோதிரம், 2023ல் ஹால் ஆஃப் ஃபேம்.

கவ்பாய்ஸ் அவர் இல்லாத 2014ல் 12-4. இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தது. ஒரு வீரர் வேறு அணியில் போய் ஜெயித்தால் அனுப்பியவன் முட்டாள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். டென்வரில் அவருக்கு எதிர்முனையில் வான் மில்லர் இருந்தார், எதிரணி இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. டல்லாஸில் அந்த வசதி இல்லை.

எலியட் விஷயம் வேறு. பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக்குக்கு 2019ல் ஆறு வருடம், 9 கோடி என்று எழுதியபோதே அனுப்பும் தேதியும் எழுதப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் ஆடுபவரின் கால் எல்லோருக்கும் முன்னால் தேயும். 2022ல் அவர் ஓடியது ஒரு தடவைக்குச் சராசரி 3.8 யார்டு.

ஹூஸ்டன் வாசகர்: அனுப்புவதற்குப் பதில் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன?

கேட்பார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ரீஸ்ட்ரக்சர் என்பதில் வீரருக்கு ஒரு பைசா குறையாது. சம்பளத்தைப் போனஸாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு கேப் கணக்கை அடுத்த வருடங்களுக்குத் தள்ளுவார்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வருடக்கணக்காக இதைச் செய்து, ஆட வராத வருடங்களைக்கூட ஒப்பந்தத்தில் ஒட்டவைத்துத் தள்ளிக்கொண்டே போனது. வயதான வீரருக்கு அப்படிச் செய்தால் அவரை அனுப்ப வேண்டிய நாளை இன்னும் கஷ்டமாக்குகிறீர்கள், வேறொன்றும் இல்லை.

நிஜமான சம்பளக் குறைப்பு வேறு. வான் மில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள், 2022ல் பஃபலோ பில்ஸில் ஆறு வருடம், 12 கோடி. அந்த நவம்பரில் முழங்கால் போயிற்று. 2024ல் நன்றாக ஆடினால் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாட்டோடு குறைப்புக்குச் சம்மதித்தார். 2025 மார்ச்சில் எப்படியும் விடுவித்துவிட்டார்கள். குறைப்பை ஏற்றவர் ஒரு வருடம் வாங்கிக்கொண்டார், அவ்வளவே. மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன்.

இண்டியானா வாசகர்: குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங்கை விடுவித்த எங்கள் கோல்ட்ஸ் அணியைப் பற்றி ஒரு வார்த்தை?

அது கேப் கதை என்பதைவிடக் கழுத்துக் கதை. நான்கு அறுவை சிகிச்சை, 2011 முழுக்க ஆடவில்லை, அணி 2-14, டிராஃப்டில் முதல் இடம், எதிரே இளம் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக். 2012 மார்ச் 8ல் அவருக்கு 2.8 கோடி போனஸ் தர வேண்டும். 7ஆம் தேதி விடுவித்தார்கள். உரிமையாளர் ஜிம் இர்சேயும் மானிங்கும் ஒரே மேடையில் நின்று தொண்டை அடைக்கப் பேசினார்கள். மானிங் டென்வர் போய் 2013ல் 55 டச்டவுன், 5,477 யார்டு என்று சாதனை படைத்தார். லக் முதல் மூன்று வருடமும் 11-5 எடுத்துக் கொடுத்தார். 2017ல் அதே கோல்ட்ஸ் மானிங்குக்குச் சிலை வைத்து 18ஆம் எண்ணை யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்தது. வாக்னரைப் பற்றிக் கேட்ட பெல்வியூ வாசகர் இந்த மேடையையும் பார்க்க வேண்டும்.

சிகாகோ வாசகர்: அடுத்த மார்ச்சில் எங்கள் அணியில் யாரை அனுப்புவார்கள் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

மிச்சத் தொகை வரிசையாகப் போட்ட பட்டியலைப் பார்க்காதீர்கள், அதில் அணியின் நல்ல வீரர்கள்தான் முதலில் நிற்பார்கள். ஒப்பந்தத்தில் மார்ச் மூன்றாம் வாரத்தில் ஏதாவது போனஸோ உறுதித்தொகையோ விழுகிறதா என்று பாருங்கள். அந்தத் தேதிகளை ஏஜென்ட்கள் வேண்டுமென்றே அங்கே வைக்கிறார்கள், அணி சீக்கிரம் முடிவெடுக்கட்டும், மற்ற அணிகளிடம் பணம் இருக்கும்போதே தன் ஆள் வெளியே வரட்டும் என்று. அப்படித் தேதி ஏதும் இல்லாத 31, 32 வயதுக்காரர்தான் பாவம், அவரை ஆகஸ்ட் கடைசி வரை பயிற்சியில் வைத்திருந்து, பையன் தேறிவிட்டான் என்று தெரிந்த மறுநாள் அனுப்புவார்கள். முதல் வார ஆட்டத்தின்போது அணியில் இருந்துவிட்டால் சீனியருக்கு அந்த சீசனின் சம்பளம் மொத்தத்தையும் கேட்க வழி உண்டு, அதனால் அதற்குள் முடித்துவிடுவார்கள். முதல் வாரம் கழிந்ததும் அதே ஆளைக் கூப்பிட்டு வாரச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்வதும் நடக்கும். உங்கள் சீனியர் செப்டம்பரில் இரண்டாவது வாரம் திரும்பி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.